காஸல்ரே பிரபு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தில் பிறந்து, அயர்லாந்தின் நாடாளுமன்றத்தையே கலைக்கும் சட்டத்தை நிறைவேற்றியவர். நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் ஐரோப்பாவின் எல்லைகளை வகுத்தவர்களுள் ஒருவர். இறந்தபோது லண்டன் தெருவில் ஒரு கூட்டம் ஆரவாரம் செய்யும் அளவுக்கு வெறுக்கப்பட்டவர். இம்மூன்றும் ஒரே மனிதரைப் பற்றியவை என்பதால்தான் ராபர்ட் ஸ்டூவர்ட் என்கிற காஸல்ரே பிரபுவைப் பற்றி இத்தனை கேள்விகள் எழுகின்றன.

காஸல்ரே என்பது பெயரா, பட்டமா?

பட்டம்தான். ராபர்ட் ஸ்டூவர்ட் 1769 ஜூன் 18 அன்று டப்ளினில் பிறந்தார். நெப்போலியனும், வாட்டர்லூவில் அவரை வென்ற வெலிங்டனும் பிறந்த ஆண்டும் அதுவே. வெலிங்டன் பிறந்த ஊரும் டப்ளின்தான். டவுன் கவுண்டியில் நிலக்கிழாராக இருந்த இவருடைய தந்தை, 1789இல் பாரனாகவும், 1795இல் விஸ்கவுண்ட் காஸல்ரேயாகவும், 1796இல் லண்டன்டெரியின் ஏர்லாகவும், 1816இல் மார்க்வெஸாகவும் படிப்படியாக உயர்த்தப்பட்டார். ஏர்ல் நிலையில் இருப்பவரின் மூத்த மகன், தந்தையின் அடுத்த நிலைப் பட்டத்தை மரியாதைக்காகத் தன் பெயராக வழங்கிக்கொள்வது அந்நாட்டு வழக்கம். அப்படி 1796இல் ஒட்டிக்கொண்ட பெயர்தான் காஸல்ரே. 1821 ஏப்ரலில் தந்தை இறந்ததும் இவர் லண்டன்டெரியின் இரண்டாம் மார்க்வெஸ் ஆனார். ஆனால் அந்தப் பட்டத்தோடு அவர் வாழ்ந்தது பதினாறு மாதங்களே என்பதால் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

பிரபு என்றால் பிரபுக்கள் சபையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? காமன்ஸ் சபையில் எப்படி அமர்ந்தார்?

மரியாதைப் பட்டம் சட்டப்படி பிரபுப் பதவி ஆகாது; எனவே தந்தை உயிரோடு இருந்தவரை அவர் தேர்தலில் நிற்பதற்குத் தடை ஏதும் இல்லை. 1821இல் மார்க்வெஸ் ஆன பிறகும் அவர் காமன்ஸ் சபையிலேயே தொடர்ந்ததற்குக் காரணம், அவருடையது அயர்லாந்துப் பிரபுப் பட்டம் என்பதுதான். அந்தப் பட்டம் உடையவர்களுக்கு லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரின் பிரபுக்கள் சபையில் தாமாகவே இடம் கிடைக்காது. அயர்லாந்துத் தொகுதிகளில் அவர்கள் நிற்க முடியாதே தவிர, பிரிட்டனின் தொகுதிகளில் நிற்கலாம். ஆகவே டவுன் கவுண்டித் தொகுதியை விட்டுவிட்டு, ஆர்ஃபோர்டு என்ற சிறிய ஆங்கிலத் தொகுதியின் உறுப்பினராக அவர் அவைக்குத் திரும்பினார். இந்த ஏற்பாட்டைச் செய்ததே, அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைக்க அவர் முன்னின்று நிறைவேற்றிய ஒன்றியச் சட்டம்தான்.

குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது?

பலர் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. ஸ்டூவர்ட்கள் பழம்பெரும் பிரபு வம்சத்தினர் அல்லர். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் குடியேறிய, பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த மரபினர். காஸல்ரேயின் பாட்டனார் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட், மேரி கோவன் என்பவரை மணந்தார். மேரியின் சகோதரரான ராபர்ட் கோவன், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் ஆளுநராக இருந்து பெரும் பொருள் ஈட்டியவர். அந்தப் பணம் மேரியின் வழியாக வந்து, நியூட்டவுனார்ட்ஸிலும் கோம்பரிலும் நிலமாக மாறியது. ஸ்ட்ராங்ஃபோர்டு கடற்கழியின் கரையில் உள்ள மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகைக்கு அடித்தளம் இட்டதும் அதே பணம்தான்.

தாய் சாரா சீமோர்-கான்வே, ஹெர்ட்ஃபோர்டு பிரபுவின் மகள். மகனுக்கு ஒரு வயது ஆனபோதே பேறுகாலத்தில் இறந்துவிட்டார். தந்தையின் இரண்டாம் திருமணம் குடும்பத்தை கேம்டன் பிரபுவின் வீட்டோடு இணைத்தது. அரசியலில் இந்த உறவு எவ்வளவு பயன்பட்டது என்பதை ஒரே செய்தியில் சொல்லிவிடலாம்: 1795 முதல் 1798 வரை அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியாக இருந்தவர் சிற்றன்னையின் உடன்பிறந்தவர்.

இளமையில் அவர் சீர்திருத்தவாதியாக இருந்தார் என்பது உண்மையா?

உண்மை. அர்மாவிலும், பின்னர் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் பயின்று, பட்டம் பெறாமலே திரும்பிய அவர், 1790இல் டவுன் கவுண்டியிலிருந்து அயர்லாந்தின் காமன்ஸ் சபைக்குப் போட்டியிட்டார். அந்தக் கவுண்டி ஹில்ஸ்பரோ குடும்பத்தின் பிடியில் இருந்தது. அதை எதிர்த்து, நாடாளுமன்றச் சீர்திருத்தத்துக்கு ஆதரவு தருவதாக வாக்களித்து, பிரஸ்பிட்டேரியன் குத்தகை விவசாயிகளின் ஆதரவோடு நின்றார். அப்போது அவர் 21 வயதை எட்டும் தறுவாயில் இருந்தார். வாக்குப்பதிவு இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. குடும்பத்துக்கு ஏறத்தாழ 60,000 பவுன் செலவானதாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் ஒரு பண்ணைத் தொழிலாளி ஆண்டு முழுதும் உழைத்தாலும் இருபது பவுனைப் பார்ப்பது அரிது என்பதை நினைத்தால், சீர்திருத்த வேட்பாளராவதற்குக்கூட எவ்வளவு பெரிய செல்வராக இருக்க வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

பிரெஞ்சுப் புரட்சி முற்றியதும், 1793இல் பிரான்சோடு போர் மூண்டதும் அவரை மாற்றின. அவருக்கு வாக்களித்தவர்களில் பலர் ஐக்கிய அயர்லாந்தினர் சங்கத்தில் சேர்ந்து குடியரசு வேண்டும் என்று கேட்கத் தொடங்கியபோது, அவர் எதிர்த்திசையில் நடந்தார். 1796 செப்டம்பரில் பெல்ஃபாஸ்டிலும் சுற்றுப்புறத்திலும் அந்தச் சங்கத்தின் தலைவர்கள் கைதுசெய்யப்பட்டபோது அவர் நேரிலேயே உடன் இருந்தார். அவர்களில் சிலர் ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்காக வாக்குக் கேட்டவர்கள். அல்ஸ்டர் அவரை மன்னிக்காமல் போனதற்கு எந்தக் கொள்கை முரண்பாட்டையும்விட இந்த ஒன்றே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1798 கிளர்ச்சியை ஒடுக்கியதில் அவருக்கு எவ்வளவு பொறுப்பு?

1798 மார்ச்சில் அவர் அயர்லாந்தின் பொறுப்புத் தலைமைச் செயலரானார். ஆண்டு முடிவதற்குள் அப்பதவி நிரந்தரமானது. அப்போது அவருக்கு 29 வயது. மே மாதம் வெடித்த கிளர்ச்சி வெக்ஸ்ஃபோர்டிலும், ஆன்ட்ரிமிலும், அவருடைய சொந்தக் கவுண்டியான டவுனிலும் பரவியது. பாலினாஹின்ச்சில் ஜூன் 13 அன்று டவுன் கிளர்ச்சியாளர்கள் முறியடிக்கப்பட்டனர். அந்தக் கோடையில் இறந்தவர்களின் எண்ணிக்கை 10,000 என்பதிலிருந்து 30,000 என்பது வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது.

கிளர்ச்சிக்கு முன்பே ஆயுதங்களைத் தேடுவதாகச் சொல்லிக் கசையடி கொடுத்ததும், குடிசைகளைக் கொளுத்தியதும் படைத்தலைவர்களின் செயல்கள். ஆனால் டப்ளின் கோட்டையில் அமர்ந்திருந்த நிர்வாகத்துக்கு அவை தெரியாதவை அல்ல. மறுபக்கம், ஜூனில் புதிய அரசப் பிரதிநிதியாக வந்த கார்ன்வாலிஸ், சாதாரணக் கிளர்ச்சியாளர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கலாம் என்றபோது, தூக்குமரமே தீர்வு என்று கூச்சலிட்ட டப்ளின் பிரமுகர்களை எதிர்த்து அவர் பக்கம் நின்றவர் காஸல்ரே. தலைவர்களைத் தூக்கிலிடாமல் நாடுகடத்தும் உடன்பாட்டுக்கும் அவர் துணைநின்றார்.

ஆனால் மக்களின் நினைவில் பதிந்தது வேறு. கிரேஅபி ஊரின் பிரஸ்பிட்டேரியன் போதகர் ஜேம்ஸ் போர்ட்டர், காஸல்ரேயின் தந்தையை நையாண்டி செய்து எழுதியவர். ஜூலை 2 அன்று அவர் தம் வழிபாட்டு இல்லம் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே தூக்கிலிடப்பட்டார். அவருடைய மனைவி மாளிகைக்குச் சென்று மன்றாடியும் பயனில்லை. காஸல்ரே அப்போது டப்ளினில் இருந்தார். இருந்தாலும், அந்தக் கயிற்றின் பழி குடும்பப் பெயரோடு சேர்ந்துகொண்டது. 'இரத்தக் கறை படிந்த காஸல்ரே' என்ற வசைப்பெயர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

ஒன்றியச் சட்டம் லஞ்சத்தால்தான் நிறைவேறியதா?

லஞ்சம் இல்லாமல் நிறைவேறியிருக்காது என்பது உறுதி; லஞ்சத்தால் மட்டுமே நிறைவேறியது என்று சொல்ல முடியாது. 1799 ஜனவரியில் இந்த யோசனை முதலில் டப்ளின் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, 106க்கு எதிராக 111 வாக்குகளில் அரசு தோற்றது. ஓராண்டு கழித்து, 1800 பிப்ரவரியில், அதே சபை 115க்கு எதிராக 158 வாக்குகளில் அதை ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட பன்னிரண்டு மாதங்களில் காஸல்ரே செய்த வேலையை உறுப்பினர் உறுப்பினராகப் பேசி முடித்த பேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சில தொகுதிகள் தனிமனிதர்களின் சொத்தாகவே கருதப்பட்ட காலம் அது. ஒழிக்கப்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் 'உரிமையாளருக்கு' 15,000 பவுன் வீதம், மொத்தம் ஏறத்தாழ 12,60,000 பவுன் இழப்பீடு தரப்பட்டது. எதிர்த்து வாக்களித்தவர்களுக்கும் அது கிடைத்தது. ஆகவே அன்றைய அளவுகோலில் அது லஞ்சம் ஆகாது. புதிய பிரபுப் பட்டங்கள், பதவி உயர்வுகள், ஓய்வூதியங்கள் ஆகியவற்றை அப்படி விளக்குவது கடினம். இரகசிய நிதியிலிருந்து போன பணத்தை விளக்கவே முடியாது. கார்ன்வாலிஸ் இந்த வேலையை அருவருப்போடு செய்தார். தம் கடிதங்களில் புலம்பினார். காஸல்ரே புலம்பவில்லை. செய்ய வேண்டிய வேலை என்று எடுத்துக்கொண்டால் அதை முகம் சுளிக்காமல் செய்து முடிப்பது அவருடைய இயல்பு. அவரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் சுட்டுவது அந்த ஒரே இயல்பைத்தான்.

1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இல்லை. 300 உறுப்பினர்கள் இருந்த இடத்தில் 100 பேர் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனார்கள்.

கத்தோலிக்கர்களுக்கு அவர் வாக்குறுதி கொடுத்து ஏமாற்றினாரா?

எழுத்து வடிவில் வாக்குறுதி எதுவும் தரப்படவில்லை. ஆனால் ஒன்றியத்தைத் தொடர்ந்து கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை வரும் என்ற நம்பிக்கையை ஊட்டி, அவர்களின் எதிர்ப்பைத் தணித்தவர்களில் அவரும் ஒருவர். முடிசூட்டுச் சபதத்துக்கு அது எதிரானது என்று மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார். 1801இல் பிரதமர் பிட் பதவி விலகியபோது கார்ன்வாலிஸும் காஸல்ரேயும் உடன் விலகினார்கள். பிற்காலத்திலும் அந்த உரிமைக்கு ஆதரவாகவே காமன்ஸ் சபையில் அவர் வாக்களித்துவந்தார். ஆனால் அதற்காக ஓர் அமைச்சரவையைக் கவிழ்க்கும் அளவுக்கு மறுபடி ஒருபோதும் போகவில்லை. சட்டம் வந்தது 1829இல், அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின்.

இந்தியாவோடு அவருக்கு நேரடித் தொடர்பு உண்டா?

அவர் இந்தியாவைப் பார்த்ததில்லை. ஆனால் 1802 முதல் 1806 வரை, கிழக்கிந்தியக் கம்பெனியைக் கண்காணித்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் அவரே. கல்கத்தாவில் தலைமை ஆளுநராக இருந்த வெல்லெஸ்லியும் அயர்லாந்துப் பிரபு; கம்பெனி இயக்குநர்களைக் கேட்காமலே போர்களைத் தொடங்கும் பழக்கம் உடையவர். இருதரப்புக்கும் நடுவே நின்று சமாதானம் பேசுவதுதான் காஸல்ரேயின் அன்றாட வேலை. மராட்டியப் பேஷ்வாவோடு வெல்லெஸ்லி செய்துகொண்ட பசீன் உடன்படிக்கை முடிவில்லாத சிக்கல்களில் கொண்டுவிடும் என்று அவர் எழுதிய விமர்சனம், அத்துறையின் ஆவணங்களில் கவனமாகப் படிக்கத்தக்கது.

தமிழ்க் கரையைத் தொடும் முடிவு பின்னர் வந்தது. 1814 மே 30 அன்று பிரிட்டன் சார்பில் அவர் கையெழுத்திட்ட பாரிஸ் உடன்படிக்கைப்படி, போரில் கைப்பற்றப்பட்டிருந்த புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். ஆனால் அங்கே கோட்டை கட்டக் கூடாது, காவல் பணிக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது. நெப்போலியனின் மறுவருகையால் ஒப்படைப்பு தள்ளிப்போய், 1816 இறுதியில் புதுச்சேரி கைமாறியது. 1814 ஆகஸ்டில் டச்சுக்காரர்களோடு அவர் செய்த இன்னோர் உடன்படிக்கையால் பழவேற்காடு முதலிய இடங்களும் சில ஆண்டுகள் அவர்களிடம் திரும்பின. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஊராக நீடித்ததற்கு வேர், அந்தப் பாரிஸ் கையெழுத்தில் இருக்கிறது.

சக அமைச்சரோடு துப்பாக்கிச் சண்டை போட்டாராமே?

ஆம், 1809 செப்டம்பர் 21 அன்று, லண்டனுக்கு அருகில் உள்ள பட்னி ஹீத் திடலில். காஸல்ரே போர்த்துறை அமைச்சர், ஜார்ஜ் கானிங் வெளியுறவு அமைச்சர். காஸல்ரேயை அப்பதவியிலிருந்து அகற்ற வேண்டும் என்று கானிங் பல மாதங்களாகப் பிரதமரை நெருக்கிவந்தார். அமைச்சரவையில் பலருக்கும் தெரிந்த இது, காஸல்ரேக்கு மட்டும் மறைக்கப்பட்டது. நெதர்லாந்தின் வால்கரென் தீவுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 40,000 பேர் கொண்ட படை, காய்ச்சலால் சுமார் 4,000 பேரை இழந்து நிலைகுலைந்த நேரம் அது. உண்மை தெரிந்ததும் அவர் சவால் விடுத்தார். கானிங் அதற்கு முன் துப்பாக்கியால் சுட்டதே இல்லை என்கிறார்கள். இரண்டாம் முறை சுட்டதில் கானிங்கின் தொடையில் குண்டு பாய்ந்தது. காஸல்ரேயின் கோட்டில் ஒரு பொத்தான் போயிற்று. இருவரும் பதவியை இழந்தார்கள்.

வால்கரென் பழியைச் சொல்கிறவர்கள், ஆர்தர் வெல்லெஸ்லியை, அதாவது பின்னாளைய வெலிங்டனை, ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியப் போர்முனைக்கு அனுப்பியதும் இதே அமைச்சர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வியன்னா மாநாட்டில் அவர் உண்மையில் சாதித்தது என்ன?

1812இல் வெளியுறவு அமைச்சராகவும், அதே ஆண்டிலேயே காமன்ஸ் சபையின் அரசுத் தலைவராகவும் ஆன காஸல்ரே, இறக்கும்வரை இரு பொறுப்புகளையும் சுமந்தார். 1813ஆம் ஆண்டின் இறுதியில், கடுங்குளிரில், நெப்போலியனை எதிர்த்த நேச நாடுகளின் தலைமையிடத்துக்கு அவரே புறப்பட்டுப் போனார். ஆணை கேட்டுக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் தூதர்களுக்குப் பதில், முடிவெடுக்கும் அதிகாரத்தோடு அமைச்சரே வந்து அமர்ந்தது புதுமை. 1814 மார்ச்சில் ஷோமோன் உடன்படிக்கை முடிவானது: பிரிட்டன், ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா ஒவ்வொன்றும் 1,50,000 வீரர்களைக் களத்தில் நிறுத்தும், தனியாக யாரும் சமாதானம் பேசக் கூடாது, செலவுக்குப் பிரிட்டன் 50 லட்சம் பவுன் தரும்.

செப்டம்பரில், ஐரோப்பாவின் எல்லைகளை வகுக்கக் கூடிய மாநாட்டுக்காக வியன்னாவுக்குப் போனார். அங்கே பெரிய சிக்கல் போலந்தும் சாக்சனியும். ஜார் அலெக்சாண்டருக்குப் போலந்து முழுவதும் வேண்டும். பிரஷ்யாவுக்குச் சாக்சனி முழுவதும் வேண்டும். முதலில் ஆஸ்திரியாவையும் பிரஷ்யாவையும் சேர்த்து ஜாரைத் தடுக்கப் பார்த்தார், அது தோற்றது. பின், 1815 ஜனவரி 3 அன்று, லண்டனின் அறிவுறுத்தலுக்கு மாறாகவே, ஆஸ்திரியாவோடும் நேற்றுவரை எதிரியாக இருந்த பிரான்சோடும் இரகசிய உடன்படிக்கை செய்தார். செய்தி கசிந்த அளவே போதுமானதாக இருந்தது; பிரஷ்யா சாக்சனியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கோடு அடங்கியது. வாட்டர்லூவுக்குப் பின் பிரான்சைத் துண்டாட வேண்டும் என்று பிரஷ்யர்கள் கேட்டபோதும் அவர் உடன்படவில்லை. வெற்றிச் சின்னங்களைச் சேகரிப்பது நம் வேலை அல்ல, உலகத்தை அமைதியான பழக்கங்களுக்குத் திருப்ப முடியுமா என்று பார்ப்பதே வேலை என்று அவர் எழுதினார்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. போலந்தினரையோ, ஜெனோவாவின் குடியரசையோ, ஹாலந்தோடு கட்டிப்போடப்பட்ட பெல்ஜியர்களையோ யாரும் எதுவும் கேட்கவில்லை. தராசு சமமாக நிற்பதற்கான எடைக்கற்களாகவே மக்கள் கருதப்பட்டார்கள். பெல்ஜியம் 1830இல் பிரிந்துபோனது.

ஐரோப்பிய மன்னர்களின் 'புனிதக் கூட்டணி' அவருடைய படைப்பா?

அல்ல, இதில்தான் அவருக்கு மிகப் பெரிய அநீதி இழைக்கப்படுகிறது. அது ஜார் அலெக்சாண்டரின் யோசனை. காஸல்ரே அதை உன்னத மாயாவாதமும் பிதற்றலும் கலந்த காகிதம் என்று பிரதமருக்கு எழுதினார். அவர் விரும்பியது, 1815 நவம்பரில் நால்வர் கூட்டணியில் எழுதி வைக்கப்பட்ட ஏற்பாடு: வல்லரசுகள் அவ்வப்போது கூடிப் பேச வேண்டும் என்பது. ஸ்பெயினில் புரட்சி வெடித்து, அதை நசுக்கும் உரிமையை மற்ற அரசர்கள் கோரியபோது, உலகை ஆள்வதற்கோ பிற நாடுகளின் உள்விவகாரத்தைக் கண்காணிப்பதற்கோ இந்தக் கூட்டணி உருவாகவில்லை என்று 1820 மே மாத அறிக்கையில் அவர் தெளிவாக மறுத்தார். ஆனால் அந்த அறிக்கை அமைச்சரவைக்குள்ளும் தூதரகங்களுக்குள்ளும் சுற்றிய காகிதம்; பொதுமக்களுக்கு விளக்கிச் சொல்ல அவர் முனையவில்லை. பின்னர் வந்த கானிங் ஏறத்தாழ அதே கொள்கையை மேடையில் முழங்கிப் புகழ்பெற்றார்.

மேடைப் பேச்சில் அவர் அவ்வளவு மோசமா?

உருவகங்களைக் குழப்பும் பேச்சுக்காக நண்பர்களே சிரித்தார்கள். ஆனாலும் எந்த அவமதிப்புக்கும் குரலை உயர்த்தாத அமைதியால் காமன்ஸ் சபை பத்தாண்டுகள் அவர் பின்னால் வந்தது.

பீட்டர்லூ படுகொலைக்கு அவர்தான் காரணமா?

1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடலில், சீர்திருத்தம் கேட்டு அமைதியாகக் கூடிய ஏறத்தாழ 60,000 பேர்மீது குதிரைப்படை பாய்ந்ததில் பதினைந்து பேருக்கும் மேல் இறந்தனர். ஆணையிட்டவர்கள் உள்ளூர் நீதிபதிகள். உள்துறை அமைச்சர் சிட்மவுத். ஆனால் சிட்மவுத் பிரபுக்கள் சபையில் இருந்தார். எனவே கூட்டங்களையும் பத்திரிகைகளையும் கட்டுப்படுத்திய 'ஆறு சட்டங்களை' காமன்ஸ் சபையில் முன்மொழிந்து வாதாடும் வேலை காஸல்ரேயின் தலையில் விழுந்தது. அதைத் தயக்கமின்றிச் செய்தார். கொலை என்பதே காஸல்ரேயின் முகமூடியை அணிந்து வந்ததாக அவ்வாண்டில் கவிஞர் ஷெல்லி எழுதினார். அது அச்சேறியது 1832இல்தான். 1820 பிப்ரவரியில் கேட்டோ தெருச் சதிகாரர்கள் அமைச்சரவை முழுவதையும் விருந்தில் வைத்துக் கொல்லத் திட்டமிட்டபோது, யாருடைய தலைகளை வெட்டி எடுத்துச் செல்வது என்ற பட்டியலில் அவர் பெயர் முன்னணியில் இருந்தது. அதன்பின் கைத்துப்பாக்கி இல்லாமல் அவர் வெளியே போவது அரிது.

அவர் எப்படி இறந்தார்?

1822 ஆகஸ்ட் 12 காலை, கென்ட் கவுண்டியின் நார்த் கிரே கிராமத்தில் இருந்த தம் வீட்டில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 53. அந்தக் கோடையில் அவர் மனம் கலங்கியிருந்ததைச் சுற்றி இருந்தவர்கள் கண்டார்கள். தமக்கு எதிராகச் சதி நடக்கிறது, தம்மை மிரட்டுகிறார்கள் என்று மன்னர் நான்காம் ஜார்ஜிடமும் வெலிங்டனிடமும் சொன்னார். ஓர் ஆயர் அப்போதுதான் மாட்டிக்கொண்ட ஓரினச்சேர்க்கை வழக்கைப் போன்ற குற்றச்சாட்டு தம்மீதும் வரும் என்று மன்னரிடம் கூறினார். மிரட்டல் உண்மையா, நோயுற்ற மனத்தின் கற்பனையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பதினேழு ஆண்டுகளில் பெரும்பகுதியைப் போர்த்துறையிலும் வெளியுறவிலும் காமன்ஸ் சபையிலும் இடைவிடாமல் கழித்த ஒருவரின் களைப்பு அதில் இருக்கிறது என்பதை மட்டும் நான் சேர்ப்பேன்.

மனநிலை பிறழ்ந்த நிலையில் செய்தது என்று விசாரணையில் தீர்ப்பானதால் திருச்சபைச் சடங்கோடு அடக்கம் செய்ய முடிந்தது. ஏழை ஒருவருக்கு அதே தயவு கிடைத்திருக்குமா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். வெஸ்ட்மின்ஸ்டர் அபியில் பிட்டின் கல்லறைக்கு அருகே அவரைக் கொண்டுபோனபோது, வாசலில் நின்ற கூட்டத்தின் ஒரு பகுதி கைதட்டி ஆரவாரித்தது.

குடும்பம் என்ன ஆயிற்று? பார்ப்பதற்கு இன்று ஏதாவது மிச்சம் உண்டா?

1794இல் மணந்த எமிலி ஹோபர்ட்டும் அவரும் கடைசிவரை இணைபிரியாத தம்பதியர், குழந்தைகள் இல்லை. வியன்னாவின் நடன விருந்து ஒன்றுக்கு எமிலி தம் கணவரின், பிரிட்டனின் உயர்ந்த வீரர் விருதான கார்ட்டர் விருதுச் சின்னத்தைத் தலை அலங்காரமாக அணிந்து வந்தது அன்று ஊர்ப்பேச்சாயிற்று. பட்டம் சிற்றன்னையின் மகனான தம்பி சார்லஸுக்குப் போனது. அவரே அண்ணனின் கடிதங்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகை இப்போது நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. வியன்னா மாநாட்டுக் காலத்து நாற்காலிகள் சில அங்கே காட்சிக்கு உள்ளன. சில மைல்கள் தள்ளி, கிரேஅபியின் பழைய இடுகாட்டில், ஜேம்ஸ் போர்ட்டரின் கல்லறை இருக்கிறது.